வேணுமா என்று டீச்சர் கேட்டார்

போன வாரம் ஒரு டியூப் வாங்கக் கடைக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னை யாரோ ஒரு கிழவன் என்று நினைத்திருப்பீர்கள். பரவாயில்லை. அதே கடையில் முப்பத்தொரு வருடம் சைக்கிள் திருத்திவிட்டு ஓய்வு பெற்றவனும் ஒரு கிழவன்தானே.

நான் நின்றுகொண்டிருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடி முடிக்கிற அந்த ட்ரையத்லன் போட்டியில் முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக் கைபேசியை நீட்டினார். அதில் ஒரு பட்டியல். பட்டியலில் இருந்த அத்தனையையும் எடுத்து மேசையில் பரப்பினீர்கள். இல்லாத ஒன்றையும் உங்கள் அன்பளிப்பாகச் சேர்த்து வைத்தீர்கள். அவரிடம் இப்போது என்ன சைக்கிள் இருக்கிறது, எந்த ரோட்டில் ஓட்டப் போகிறார் என்று மட்டும் மூன்று பேரில் ஒருவரும் கேட்கவில்லை. மிகச் சிறந்த சேவை. எனக்கு என்னையே பார்த்தது போல இருந்தது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீல் நெளிவெடுப்பதையும் கியர் கம்பி மாற்றுவதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கெல்லாம் உங்களுக்கு யூடியூப் இருக்கிறது. அதில் வராத ஒன்றை, நான் செய்த ஒரு தப்பை, சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த புஷ்பா டீச்சர் நம் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜப்பானிலிருந்து பழசாக இறங்கிய சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அலுமினிய ரிம், பின்னால் பெரிய பல்சக்கரம், கேரியரில் கட்டிவைத்த பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகள். தினமும் அதில்தான் மலை ஏறிப் பள்ளிக்கூடம் போவார்.

“அண்ணே, கம்பிய மாத்திட்டு பிரேக்க கொஞ்சம் பாத்து விடுங்க. அடுத்த மாசம் ஒரு போட்டியில பேரு குடுத்திருக்கேன்” என்றார்.

“என்னா போட்டி டீச்சர்?”

“கீழ ரிசர்வோயர்ல நீந்தி, சைக்கிள் ஓட்டி, அப்புறம் ஓடணுமாம். நான் கொத்மலைக்காரி, நீச்சல் சின்னதுலயே தெரியும். சைக்கிள் தெனம் ஓட்டுறேன். ஓட்டம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குறேன். மூணையும் ஒரே நாள்ல செய்யணும், அவ்வளவுதானே?”

இவ்வளவு தெளிவாக யோசிக்கிற ஒருவரைச் சும்மா விட்டுவிட முடியுமா? இரண்டாம் நாளே அவருடைய கணவர் வந்துவிட்டார்.

கணேசன் கட்டாரில் எட்டு வருடம் வேலை செய்து திரும்பியவர். நல்ல மனிதர், மனைவி மேல் உயிர். சைக்கிளில் கடைசியாக ஏறியது பத்து வயதில். ஆனால் இரண்டு நாளில் இருபது வீடியோ பார்த்திருந்தார். அந்தத் தகுதியோடு என்னிடம் பேச ஆரம்பித்தார்.

“அண்ணே, இது சும்மா சைக்கிள் ஓட்டுறது இல்லீங்க. காத்த வெட்டணும்.”

காற்றை வெட்டப் பட்டியல் தயாராக இருந்தது. பின்பக்கம் வால் நீண்ட ஹெல்மெட். முழங்கையை ஊன்றிப் படுத்தபடி ஓட்டுவதற்கு ஹேண்டிலில் பூட்டும் இரட்டைக் கம்பி. சப்பாத்தோடு கொளுவிக்கொள்ளும் பெடல். இதயத் துடிப்பைக் காட்டும் மீற்றர். எல்லாவற்றுக்கும் மேலாக, கொழும்பில் யாரோ ஒருவர் பாவித்துக் கொடுத்த ஒரு சோடி கார்பன் வீல். அதை இரண்டு போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்திருந்தார்.

இந்த மலையில் நேர் ரோடு என்று இருப்பது எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். காற்றை வெட்டக் குனிவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஏற்றத்தில் எந்தக் காற்று? அங்கே மூச்சே கடன். இறக்கத்தில் படுத்துக்கொண்டு போனால், பிரேக்குக்குக் கை எட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் போர்வையை அவர் பிரித்ததும் என் வாய் அடைத்துவிட்டது. அதுவரை கார்பன் வீலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கையில் எடுத்தால் எடையே இல்லை. சுண்டினால் உடுக்கைச் சத்தம். இதை என் கையால் பூட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அவ்வளவுதான் காரணம். முதலாளிக்கோ, படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட வேண்டும். ஆக, கடையில் இருந்த மூன்று ஆண்களும் ஒருமனதாக டீச்சருக்கு எது நல்லது என்று முடிவு செய்தோம்.

டீச்சர் ஒரு தடவை கேட்டார். கணவர் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

“அண்ணே, நெசமா சொல்லுங்க. இதெல்லாம் எனக்கு வேணுமா?”

“போட்டா நல்லதுதான் டீச்சர்” என்றேன்.

இந்தப் பதிலின் அழகைப் பாருங்கள். பொய் இல்லை. உண்மையும் இல்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் என்னை யாரும் பிடிக்க முடியாது. நம் தொழிலில் வாய்தான் முதலில் தேறுகிறது.

பெடல் பூட்டி மூன்றாம் நாள் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் முன்னால் ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. டீச்சர் நிறுத்தினார். கால் பெடலிலிருந்து கழலவில்லை. சைக்கிளோடு சேர்ந்து, மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். முழங்கையில் காயத்தோடு அவர் கடைக்கு வந்தபோது நான் சிரித்துக்கொண்டே, “பழகுற வரைக்கும் எல்லாரும் விழுவாங்க டீச்சர்” என்றேன். நான் அந்தப் பெடலில் ஒருநாளும் ஏறியதில்லை. ஆனாலும் எல்லாரும் விழுவார்கள் என்று எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. போட்டியை நடத்திய கொழும்புக் கிளப், முதல் நாள் எல்லாச் சைக்கிளையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலையை நம் கடைக்குக் கொடுத்திருந்தது. சனி காலை டீச்சரின் சைக்கிளை நானே ஓட்டிக்கொண்டு, நீர்த்தேக்கத்துப் பக்கம் இருந்த போட்டி மைதானத்துக்குப் புறப்பட்டேன். கடைசியாக ஒரு சோதனை என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மையில் அந்த வீலில் ஒரு தடவை போய்ப் பார்க்கும் ஆசை.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. கார்பன் ரிம்முக்குத் தனியான பிரேக் ரப்பர் வேண்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். ஹட்டனில் அது கிடைக்கவில்லை. இருக்கிற சாதாரண ரப்பரையே போட்டு, வெயிலில், கடை வாசலில், பத்தடி ஓட்டிப் பார்த்தேன். நின்றது. போதும் என்று விட்டேன். ஆனால் ஹட்டனில் எந்தப் போட்டி கடை வாசலில், வெயிலில் நடக்கிறது?

நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் தோட்ட ரோட்டில் முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஈர ரிம்மில் ரப்பர் சவர்க்காரம் போல வழுக்கியது. இன்னும் இறுக்கினேன். சைக்கிள் தன்பாட்டுக்குப் போனது. எதிரே கொழுந்து ஏற்றிய லொறி ஒன்று ஏறி வந்தது. எனக்குத் தெரிவு இரண்டுதான். நான் தேயிலைப் பக்கம் திருப்பினேன்.

தேயிலைச் செடி பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். உள்ளே முழுக்க விறகு. நான் கண்ணைத் திறந்தபோது நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள்.

“உசிரு இருக்கா அண்ணே?” என்றார் ஒருவர்.

“இருக்குங்க.”

அது உறுதியானதும் இன்னொருவர் ஆரம்பித்தார். “கொழுந்து எடுக்க வாறதுன்னா காலையில பெரட்டுக் களத்துக்கு வந்து கங்காணிகிட்ட பேரு குடுத்துட்டு வரணும். இப்படிப் பறந்து வரக் கூடாது.”

“விடுடி, காலையிலயே ரெண்டு கிலோ தலையில வச்சிருக்காரு” என்றார் மூன்றாமவர், என் தலையில் ஒட்டியிருந்த இலைகளைப் பார்த்து.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முப்பது வருட மெக்கானிக், வேகம் கூடுவதற்கு முன்பே, லொறியைக் கண்டு தப்பினேன். நாளைக்கு இதே வளைவில், நீந்தி, மலை ஏறித் திரும்புகிற களைத்த உடம்போடு, ஈரக் கையோடு, முழு வேகத்தில் டீச்சர் வருவார். அந்த எண்ணம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சைக்கிளை உருட்டிக்கொண்டே மைதானத்துக்குப் போனேன். டீச்சர், கணேசன், முதலாளி மூன்று பேரும் அங்கே நின்றார்கள். நடந்ததைச் சொல்லி, “வீலக் கழட்டணும். பழைய வீலயே போடணும்” என்றேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. “படம் போட்டாச்சுப்பா. மலையகத்துல மொதல் கார்பன் வீலுன்னு எழுதியாச்சு.”

“இத்தனையும் வாங்கிப் போட்டுட்டு இப்ப கழட்டுறதா? பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்களா?” என்றார் கணேசன்.

“சிரிக்கட்டும். ஏற்கனவே இன்னைக்கு நாலு பேரு சிரிச்சாச்சு” என்றேன். பிறகு டீச்சரைப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “அன்னைக்குக் கேட்டீங்க, வேணுமான்னு. வேணாம்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூட்டினேன்.”

டீச்சர் பிரேக் பிடியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். முழங்கைக் காயத்தில் பொருக்கு இன்னும் இருந்தது.

“நாளைக்குப் போட்டி. இன்னைக்குச் சொல்றீங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கடைசி வாங்கில் உட்காரும் பிள்ளையிடம் பேசுகிற குரல். “சரி. இப்ப சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. இந்தச் சைக்கிள்ல எது இல்லாட்டி நான் செத்துப் போவேன்? எது இல்லாட்டி கொஞ்சம் பிந்தி வருவேன்?”

எத்தனையோ வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், இந்தக் கேள்வியை என்னிடம் நானே ஒருநாளும் கேட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் பதில் தன்னால் வந்தது.

“பிரேக் இல்லாட்டி செத்துப் போவீங்க. தலைக்குச் சரியாப் பொருந்துற ஹெல்மெட் இல்லாட்டியும். டயர் வெடிச்சிருந்தாலும். மத்ததெல்லாம் பிந்துறதுதான்.”

“அந்த வால் ஹெல்மெட் எனக்கு ஆடுது.”

“அப்ப அது ஹெல்மெட் இல்ல டீச்சர். தொப்பி.”

“ஏத்தத்துக்கு?”

“உங்க பழைய வீல்ல பெரிய பல்சக்கரம் இருக்கு. அது இருந்தா ஏறிடுவீங்க. இந்தக் கார்பன் வீல்ல இருக்குற சின்னச் சக்கரத்துக்கு நடுவழியில எறங்கித் தள்ளணும்.”

“அப்ப எல்லாத்தையும் கழட்டுங்க” என்றார்.

கணேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பி, “நீங்க அந்த மீற்றரக் கட்டிக்கிட்டு கரையில நில்லுங்க. என்னைவிட உங்களுக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு” என்றார். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

முதலாளியே த்ரீவீலரில் போய்ப் பழைய வீலையும் சாதாரணப் பெடலையும் கொண்டு வந்தார். அவர் முகம் மட்டும் அன்று முழுக்கச் சரியாகவில்லை. புது பிரேக் ரப்பர் போட்டேன். டயர் ஒன்றில் வெடிப்பு இருந்தது, மாற்றினேன். வீல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, இறக்கத்தில் நான் ஒரு தடவை, டீச்சர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நின்றது. காற்றை வெட்டும் சைக்கிள் மறுபடியும் கொப்பி சுமக்கும் சைக்கிளாகிவிட்டது. அன்று எனக்கு என் மேல் கொஞ்சம் மரியாதையே வந்தது. அது பின்னேரம் வரை நீடித்தது.

பின்னேரம் சோதனை வரிசையில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். நாற்பது வயதுக்காரர், நம்மவர்தான், ஏதோ கம்பெனியில் மேலதிகாரி. பளபளவென்ற கார்பன் வீல். குனிந்து பார்த்தேன். காலையில் என்னைத் தேயிலைக்குள் அனுப்பிய அதே சாதாரண ரப்பர்.

“சார், இந்த ரப்பர்...” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கால்சட்டையில் சேறு. காதுக்குப் பின்னால் இலை ஒன்று மிச்சம் இருந்திருக்க வேண்டும். “இது ரேஸ் செட்டப். நீங்க ஸ்டிக்கர ஒட்டுங்க, போதும்” என்றார்.

பின்னால் இருபது பேர் நின்றார்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல் விட எனக்கு அதிகாரம் இருந்தது. ஒட்டினேன். அவர் என் வாடிக்கையாளர் இல்லை, கேட்கவும் இல்லை, பெரிய மனிதர், அவருக்குத் தெரியாதா என்று காரணங்கள் வரிசையாக வந்தன. ஒரு ஸ்டிக்கருக்கு நான்கு காரணம்.

ஞாயிறு காலையும் மழை. உபகரணப் பையோடு நான் அந்த முதல் வளைவில் நின்றேன். நிற்க வேறு இடமும் எனக்குத் தோன்றவில்லை. பத்துப் பதினைந்து பேர் பத்திரமாகக் கடந்து போனார்கள். பிறகு கொழும்புக்காரர் வந்தார். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் பிரேக்கை முழுக்க இறுக்கிப் பிடித்திருந்தன. வேகம் குறையவில்லை. முகத்தில் பயம்கூட இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வளைவை எடுக்க முடியாமல் சறுக்கி, ஓரத்து வடிகான் கல்லில் தோள் மோதித் திரும்ப எறியப்பட்டு நடு ரோட்டில் விழுந்தார். சைக்கிள் அவர் மேல் கிடந்தது.

அடுத்த நொடி வளைவுக்கு மேலே டீச்சர் தெரிந்தார். இறக்கத்தின் முழு வேகம். இடையில் இருபது யார்கூட இல்லை.

ரப்பர் கீச்சிட்டது. சைக்கிள் லேசாக ஆடி, நேராகி, விழுந்து கிடந்தவரின் காலுக்கு நான்கடி முன்னால் நின்றது.

டீச்சர் சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துப் போட்டார். “அண்ணே, மேல ஓடிப் போய் வாறவங்கள நிறுத்துங்க!” என்று என்னிடம் கத்திவிட்டு விழுந்தவர் பக்கத்தில் குந்தினார். நான் பையிலிருந்த சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு மேலே நின்றேன். “அசையாதீங்க சார். தோள் எலும்பு போயிருக்கு. என்னப் பாருங்க, பேரச் சொல்லுங்க” என்று டீச்சர் பேசுவது கேட்டது. அம்பியூலன்ஸ் வரும் வரை அந்த மனிதரின் தலை அசையாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தி, மெதுவாக ஓரத்தால் அனுப்பிய எத்தனையோ பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

அம்பியூலன்ஸ் கதவு சாத்தப்பட்டதும் டீச்சர் எழுந்து சைக்கிளை நிமிர்த்தினார். விழுந்து கிடந்த மற்றச் சைக்கிளில் என் ஸ்டிக்கர் நன்றாகத் தெரிந்தது.

“இத நேத்து யாரு பாத்தா?” என்றார்.

“நான்தான் டீச்சர்.”

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கடைசியிலிருந்து மூன்றாவதாக ஓடி முடித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கணேசன் எல்லைக் கோட்டில் நின்று அழுதாராம். அந்தக் கார்பன் வீல் இரண்டையும் இப்போது வீட்டு ஹோல் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். மாலை போடாததுதான் குறை.

திங்கட்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழும்புக்காரர் தோளில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது, தலைக்கு ஒன்றும் இல்லை. என்னை அடையாளம் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வீல் எப்படி இருக்கு?”

“வீலுக்கு ஒரு கீறல் இல்ல சார்” என்றேன். “பிரேக் ரப்பர்தான் அதுக்குப் பொருந்தாது. சனிக்கிழமை கண்டேன். சொல்லாம ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்.”

கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

“சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்” என்றார்.

“கேக்காம விடுறது உங்க இஷ்டம் சார். சொல்லாம விட்டது என்னோட தப்பு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். எலும்பு விடவில்லை. “இப்ப சொல்லுங்க, என்னென்ன மாத்தணும்?” என்றார். கட்டில் ஓரத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து ஆரம்பித்தேன்.